மெலிந்த காற்றும் சீவிய இரும்பும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு மோட்டார் வண்டியில் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தாழ்நிலத்தில் துள்ளி ஓடிய வண்டி, சாலையின் இருமருங்கும் தேயிலைச் செடி தோன்றத் தொடங்கியதும் சோர்ந்துவிடுகிறது. ஏற்றமே இதற்குக் காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். நுவரெலியாவின் ஏரிக்கரையில், சமதரையிலும் அதே சோர்வைக் கண்டபோதுதான் என் எண்ணம் முழுமையானதன்று என விளங்கிற்று.

எஞ்சின் உண்பது பெற்றோலை மட்டுமன்று, காற்றையும் உண்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். மலைக்குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்கிச் சிறிது ஈடு செய்தாலும், வண்டியின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போய்விடுகிறது.

1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம், நுவரெலியாவின் சித்திரை வசந்த காலத்தோடு ஒன்றிப்போன ஒன்று. அதைப் பார்த்துத் திரும்பிய என் மருமகன், "மாமா, பந்தயக்காரர்களைப் போல நாமும் சிலிண்டர் ஹெட்டைச் சீவிவிட்டால் போன வலு திரும்பிவிடும்" என்றான். சீவுவதற்கென்று சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு வந்திருந்தான். எங்களிடம் இருந்தது ஒரு பழைய மொரிஸ் மைனர். அதை ஹட்டனில் ஒரு சிறிய கராஜுக்குக் கொண்டு சென்றோம். அங்கே முதிய மெக்கானிக் ஒருவர்; ஊரார் அவரை "பாஸ்" என்றே அழைப்பர்.

அவர் ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார். துளையிட்ட கண்ணாடித் தகடொன்றை ஓர் எரியறையின் மேல் ஒட்டவைத்து, மருந்துக்கடை ஊசிக் குழாயால் எண்ணெயை அளந்து விட்டார். அறை எவ்வளவு கொள்ளும் என்று அறிய இதுவே வழி. கணக்கு எளியது. பிஸ்டன் கடக்கும் இடம் 240 கன சென்டிமீற்றர் என்றும், அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடம் 40 என்றும் கொள்வோம். இரண்டும் சேர்ந்த 280ஐ 40 ஆல் வகுத்தால் 7. இதுவே அழுத்த விகிதம். ஹெட்டின் அடிமுகத்தைச் சீவினால் எஞ்சும் இடம் சுருங்கும், விகிதம் உயரும். எரியறையின் வாய் 25 சதுர சென்டிமீற்றர் எனில், 7 என்பதை 8 ஆக்க ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர் இரும்பைச் சீவ வேண்டும்.

இதனால் வரும் இலாபம் என்ன? ஏட்டுக் கணக்கின்படி, எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு நூற்றுக்கு 54இலிருந்து 56 சொச்சத்துக்கு ஏறும். அதாவது வலுவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான உயர்வு. மலை எடுத்துக்கொண்டதோ ஐந்தில் ஒரு பங்கு!

மருமகன் முகம் வாடினான். ஆயினும் விடவில்லை. "கொஞ்சமாவது கிடைக்குமே" என்றான்.

பாஸ் என்னைப் பார்த்து, "மாஸ்டர், இந்த வண்டி எங்கே குடியிருக்கப் போகுது?" என்று கேட்டார்.

"கொழும்பில்தான். தம்பிக்கு அங்கே வேலை. விடுமுறைக்கு மட்டும் இங்கே வருவான்."

"அப்படியென்றால் சில நாள் சுகத்துக்காக வருஷம் முழுக்க அடிபடும்."

அவர் சொன்ன அடி, எஞ்சினுக்குள் கேட்கும் தட்டல். தீச்சுடர் வந்து சேருமுன், கடைசியாக எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே பற்றி வெடிப்பதே தட்டல். முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் ஹாரி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இதை ஆராய்ந்து, ஒவ்வோர் எரிபொருளும் தாங்கக்கூடிய அழுத்த விகிதத்துக்கு ஓர் எல்லை உண்டெனக் காட்டினார். நுவரெலியாவில் உள்ளே வரும் காற்றே மெலிந்தது. ஆகவே அங்கு 8 என்னும் விகிதம் தரும் அழுத்தம், கடற்கரையில் 7 தருவதைவிடச் சற்றுக் குறைவே. மலையில் வண்டி சமர்த்தாக ஓடும். கொழும்புக்கு இறங்கினால் அதே பெற்றோலில் தட்டத் தொடங்கும். காஸ்கெட் வெடிக்கும், பிஸ்டன் உருகும்.

இந்தச் சிக்கலை ஜேர்மனியர் 1917இல் வானத்திலே சந்தித்தார்கள். மாக்ஸ் பிரிட்ஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ. மூன்று-ஏ விமான எஞ்சின், மெலிந்த காற்றுக்கென்றே மிகையான அழுத்தத்துடன் செய்யப்பட்டது. தரையருகே அதன் காற்றுவழியை முழுவதும் திறக்கலாகாது. ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரத்துக்குப் பின்னரே திறக்க வேண்டும். கிட்டத்தட்ட நம் நுவரெலியாவின் உயரம்! விமானியின் கையில் அதற்கென ஒரு பிடி இருந்தது. மருமகன் கேட்ட சீவலுக்கு அத்தகைய பிடி எதுவும் இல்லை. வெட்டிய இரும்பு மீண்டும் ஒட்டாது. தடித்த காஸ்கெட் போட்டு ஓரளவு சரிக்கட்டலாம், அவ்வளவுதான். மிகுதியாகச் சீவினால் நீர் ஓடும் அறையின் சுவரும் மெலியும். வால்வு பிஸ்டனில் இடிக்கவும் கூடும்.

பாஸ் உருக்குச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். நடுவில் சிறு வளைவு இருந்தது. அதை நேராக்கும் அளவுக்கு, பத்தில் ஒரு மில்லிமீற்றர் மட்டும் சீவச் செய்தார். நான்கு எரியறைகளையும் ஒரே அளவாக்கினார். பிறகு எஞ்சினைப் பூட்டி, கார்புரேட்டரின் அடியிலுள்ள நட்டைச் சிறிது திருகினார். காற்று குறைந்த இடத்தில் பெற்றோல் மிகுந்து புகைகிறது, அதைக் குறைத்தார். மெலிந்த கலவை மெதுவாக எரிவதால், தீப்பொறி சற்று முந்தி விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரையும் திருத்தினார்.

"கீழே போனதும் இந்த ரெண்டையும் பழையபடி திருப்பிக்கொள், தம்பி" என்றார்.

எத்தனை சுற்று என்பதை மருமகன் ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டான். மிச்சம் பிடித்த பணத்தில் பெரும்பகுதி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது. அடுத்த சித்திரையில் பந்தயம் பார்க்க வந்தபோது, ஹட்டனில் வண்டியை நிறுத்தி, தானே அந்த நட்டைத் திருகினான். திரும்பிச் செல்கையில் அதே இடத்தில் நிறுத்தி, கடதாசியைப் பார்த்துப் பழையபடி வைத்துவிட்டுக் கொழும்புக்கு இறங்கினான். வண்டி தட்டவில்லை.