நீங்கள் தூங்கினாலும் மோடம் தூங்காது: பிராட்பேண்ட் எவ்வளவு கரன்ட் இழுக்கிறது?

ஏசியை அணைக்க மறந்தால் பதறுவோம். சுவரில் பச்சை விளக்கோடு மினுக்கும் ஃபைபர் மோடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. அது 10 வாட் எடுக்கும் கருவி என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரமும் ஓடினால் 60 நாளில் 14.4 யூனிட். ஒரு வீட்டுக்கு இது சின்னக் கணக்குதான். 10 லட்சம் வீடுகள் என்றால்? இடைவிடாமல் 10 மெகாவாட்!

எங்கே வீணாகிறது?

எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே ஃபைபர் இழை, ‘ஸ்ப்ளிட்டர்’ மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட்டே தேவையில்லை. இது இந்த ‘ஜிபான்’ தொழில்நுட்பத்தின் பெரிய லாபம்.

ஆனால், எல்லா வீடுகளுக்குமான டேட்டாவும் எல்லா மோடத்துக்கும் வந்து சேரும். தெருவுக்கு வந்த மொத்தத் தபாலையும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொட்டுவது மாதிரி. விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தில் வருவதில் உங்களுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மோடம் தள்ளிவிட வேண்டும். நீங்கள் எதுவுமே பார்க்காத நேரத்திலும் இந்த வேலை நிற்காது.

தூங்க வைக்க முடியாதா?

முடியும். அனுப்பும் பகுதியை மட்டும் அணைப்பது ஒரு வழி. அனுப்புவது, பெறுவது இரண்டையும் அணைத்து, அவ்வப்போது கண் விழிப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் சர்வதேச தரவிதிகள் இருக்கின்றன. மோடத்தின் கேபிள் போர்ட்டுகள் சும்மா இருக்கும்போது கரன்ட்டைக் குறைக்கும் ஈதர்நெட் விதி 2010-லேயே வந்துவிட்டது.

சிக்கல் தாமதம்தான். தூக்கம் நீண்டால் மிச்சம் அதிகம். ஆனால் வீடியோ காலும் கேமும் தடுமாறும்.

யார் பொறுப்பு?

ஃபிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டார் பார்த்து வாங்குகிறோம். மோடத்தையோ பெரும்பாலும் இணைய நிறுவனமே தேர்ந்தெடுத்து மாட்டிவிடுகிறது; கரன்ட் பில் நமக்கு. குறைவாக இழுக்கும் கருவிக்குக் கூடுதல் விலை கொடுக்க நிறுவனத்துக்கு என்ன அவசரம்? இதற்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியம், பிராட்பேண்ட் கருவிகளின் மின் அளவுக்கு இலக்கு வைத்து ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்தது. அதுவும் விருப்பத்தின் பேரில் ஏற்பதுதான், கட்டாயமில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

மோடத்திலேயே வைஃபை நன்றாகக் கிடைத்தால், தனியாக இன்னொரு ரூட்டர் எதற்கு? கழற்றிவிடுங்கள். இரவில் 7 மணி நேரம் அணைத்தால், 10 வாட் கருவியில் 60 நாளில் 4.2 யூனிட் மிச்சம். ஆனால் சிசிடிவி, ஃபைபர் வழி லேண்ட்லைன் இருந்தால் அவையும் நின்றுவிடும், யோசித்துச் செய்யுங்கள்.