தகவல் துளி: சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒரு கப்பல்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தெற்கே, ராயபுரத்தை ஒட்டி நீள்கிறது சென்னைத் துறைமுகம். சரக்குக் கப்பல்களுக்குப் பேர்போன இந்தத் துறைமுகம், அந்தமான் தீவுகளுக்குப் போகும் பயணிகளுக்கும் வாசலாக இருந்துவருகிறது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர். விமானத்தில் சுமார் 2 மணி நேரம். கப்பலில் ஏறக்குறைய 3 நாள். நான்கௌரி, நிக்கோபார், ஸ்வராஜ் தீப் போன்ற கப்பல்கள் இந்தக் கடல்வழியில் ஓடியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 1,200 பேர் போகலாம். ஸ்வராஜ் தீப் நம் நாட்டிலேயே, விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது.

இது லாபத்துக்காகத் தொடங்கிய சேவை அல்ல. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்துக்காக, பொதுத்துறை நிறுவனமான இந்தியக் கப்பல் கழகம் இந்தக் கப்பல்களை இயக்கிவந்தது. தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம். படிக்க வரும் மாணவர், சிகிச்சைக்கு வரும் நோயாளி, மூட்டை முடிச்சோடு ஊர் வரும் தமிழ்க் குடும்பம் என்று பலருக்கும் கைக்கெட்டும் வழி இதுவே.

போர்ட் பிளேரோடு பயணம் முடிவதில்லை. அங்கிருந்து கார் நிக்கோபாருக்கும், தென்கோடியிலுள்ள கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே வரைக்கும் அரசுக் கப்பல்கள் செல்கின்றன. கிரேட் நிக்கோபாரில் 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழகத்தவரும் உண்டு.

நிலத்தில் இருப்பவருக்குப் பேருந்து எப்படியோ, தீவில் இருப்பவருக்குக் கப்பல் அப்படி. அது தடையின்றி ஓடவேண்டியது அரசின் கடமை. தீவு மக்களின் உரிமை.