கைப்பையில் ஒரு மடக்குக் கத்தி

என் கைப்பையைத் திறந்தால் பர்ஸ், சாவிக்கொத்து, தலைவலித் தைலம், நாலு சேப்டி பின் இவற்றோடு ஒரு சின்ன மடக்குக் கத்தியும் இருக்கும். "என்னக்கா, கத்தியோட அலையறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்வாள். அவளே வாரத்துக்கு இரண்டு தடவை கூரியர் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்து, "அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று கதவைத் தட்டுவாள்.

பயணத்தில் பழம் நறுக்க, அரிசி மூட்டையின் சணல் தையலை அறுக்க, புதுப் புடவையின் லேபிளை எடுக்க என்று தினம் ஏதாவது ஒரு வேலைக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் சகோதரிகளே, இதே கத்தியால் ஒரு பச்சைக் குழந்தையின் விரலில் ரத்தம் வழிந்ததையும் பார்த்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கத்தி என் அப்பாவுடையது. கிராமத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். தபால் பையின் கட்டை அறுக்க இதைத்தான் எடுப்பார். அறுத்த கையோடு மடக்குவார். 'டிக்' என்று சத்தம் கேட்கும். விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போடுவார். சின்ன வயதில் நூறு தடவை இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் அப்படிச் செய்கிறார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

2016 மே மாதம், ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். நான், என் தங்கை, அவள் மாமியார், தங்கையின் மூன்று வயது மகள். திண்டுக்கல்லில் வாங்கிய கொய்யாவை நறுக்கிக் கொடுத்தேன். அந்தச் சமயம் டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவசரத்தில் கத்தியைப் பாதி மடக்கியும் மடக்காமலும் பைக்குள் போட்டுவிட்டு டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அதோடு கத்தியை மறந்தே போனேன்.

திருச்சி நெருங்கும் நேரம். "பெரியம்மா, பிஸ்கெட்" என்று குழந்தை கேட்டது. நான் திரும்புவதற்குள் பைக்குள் கையை விட்டுவிட்டது. அடுத்த நிமிஷம் வீறிட்ட அழுகை. ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு.

தங்கையின் மாமியார் காப்பிப்பொடி டப்பாவைத் தேடினார். எனக்கோ கைகால் ஓடவில்லை. நல்லவேளையாக எதிர் சீட்டில் இருந்த அம்மாள் ஒரு நர்ஸ். "பொடி எதுவும் வைக்காதீங்க" என்று தடுத்து, சுத்தமான கைக்குட்டையை மடித்து விரலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் கையை உயர்த்தியே வைத்திருந்தார். திருச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூன்று தையல். கல்யாணத்துக்குப் போகவில்லை.

"உன்னை நம்பித்தானேக்கா குழந்தையை உன் பக்கத்துல உட்கார வெச்சேன்" என்று தங்கை ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு வெகு நாள் சரியாகப் பேசவில்லை. நான் கத்தியைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, இனி தொடுவதில்லை என்றிருந்தேன். அப்பாதான் ஒரு நாள் அதைக் கேட்டு வாங்கி, என்னை எதிரில் உட்காரவைத்தார். "அரிவாள்மணையில நறுக்கி முடிச்சதும் சாய்ச்சு வைக்கிறேல்ல? இதுக்கு மட்டும் ஏம்மா அந்தப் பழக்கம் வரல?" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததையும், பிறகு பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் கீழே தருகிறேன்.

எந்தக் கத்தி நல்லது?

மடக்குக் கத்தியில் இரண்டு வகை. ஒன்று, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது. நம் பழைய பேனாக்கத்திகள் இந்த ரகம். இதில் பூட்டு கிடையாது. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அப்படியே விரல் மேல் மடங்கிவிடும். இன்னொன்று, திறந்ததும் பூட்டிக்கொள்வது. பிரான்ஸ் தேசத்து ஒப்பினெல் கத்தியில், கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்பினால் அலகு அசையாது. 1890-ல் வந்த அந்தக் கத்திக்கு 1955-ல்தான் இந்த வளையத்தைச் சேர்த்தார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. பழம் நறுக்க மூன்று அங்குல அலகு தாராளமாகப் போதும். பட்டனை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். பைக்குள் சாவி பட்டாலே திறந்துகொள்ளலாம்.

திறப்பதும் மூடுவதும்

திறக்கும்போது அலகில் நகம் வைக்க இருக்கும் பள்ளத்தைப் பிடித்து, முழுவதுமாகத் திறக்க வேண்டும். பாதி திறந்த கத்தியால் எந்த வேலையும் செய்யக் கூடாது. பூட்டு உள்ள கத்தி என்றால் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நறுக்க வேண்டும்.

மூடும்போதுதான் பெரும்பாலும் விரலில் படுகிறது. பிடியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளுங்கள். அலகு போய் விழும் பள்ளத்தின் மேல் ஒரு விரலும் இருக்கக் கூடாது. மற்றொரு கையின் உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மடக்குங்கள். சில கத்திகளில் பிடிக்குள் இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் நகர்த்தித்தான் மூட வேண்டும். அதில் அலகு கொஞ்சம் அசைந்ததுமே கட்டைவிரலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் கத்தியை மடக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் சரி, போன் அடித்தாலும் சரி. 'டிக்' சத்தம் கேட்டு, ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மற்றவர் கேட்டால் மடக்கியே கொடுங்கள்.

நறுக்கும்போது

பழத்தை உள்ளங்கையில் வைத்து நறுக்குவது நம் எல்லோருக்கும் பழக்கம். மாங்கொட்டையில் கத்தி வழுக்கினால் நேரே கைக்குத்தான் வரும். ஒரு தட்டு, டிபன் மூடி ஏதாவது ஒன்றின் மேல் வைத்து நறுக்குங்கள். பார்சலை அறுக்கும்போது அலகு நம்மை விட்டு வெளிப்பக்கமாகப் போகட்டும். மடியில் வைத்து அறுக்கவே கூடாது. பூட்டு இல்லாத கத்தியால் குத்தித் துளை போடுவதும், டப்பா மூடியை நெம்புவதும் ஆபத்து.

மொண்ணைக் கத்தி பத்திரம் என்று நினைக்கிறோம். அது தப்பு. மொண்ணையாக இருந்தால் பலம் கொடுத்து அழுத்துகிறோம், அப்போதுதான் வழுக்குகிறது. அவ்வப்போது சாணை பிடித்து வையுங்கள். கூர்மையைக் கட்டைவிரலில் பார்க்காமல் ஒரு காகிதத்தை அறுத்துப் பாருங்கள்.

எங்கே வைப்பது?

பைக்குள் வெறுமனே போடாதீர்கள். நான் பழைய கண்ணாடிக் கூட்டில் கத்தியைப் போட்டு, ஜிப் வைத்த உள் அறையில் வைக்கிறேன். பிஸ்கெட், மிட்டாய், போன் என்று குழந்தைகள் தேடும் எதுவும் அந்தப் பக்கமே இருக்காது. வீட்டுக்கு வந்ததும் கைப்பை உயரமான ஆணியில் தொங்கும்.

பழச்சாறு பட்ட கத்தியை ஈரத்தோடு மடக்கினால் துருப்பிடிக்கும். கழுவி, பிளவுக்குள்ளும் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு மடக்குங்கள். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசி சேரும். மாதம் ஒரு முறை மடங்கும் இடத்து ஆணியில் மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மீதியைத் துடைத்துவிடுங்கள். அலகில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பட்டுவிட்டால்

காப்பிப்பொடி, மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சின்ன வெட்டு என்றால் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிக் கட்டுப் போடலாம். ரத்தம் நிற்காமல் வந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். கையை உயர்த்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். ரப்பர் பேண்டு, நூல் கொண்டு விரலை இறுக்கிக் கட்டாதீர்கள். பத்து நிமிஷத்துக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, வெட்டு ஆழமாக இருந்தாலோ, விரல் மடங்காவிட்டாலோ, மரத்துப்போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். டி.டி. ஊசி தேவையா என்று அவரையே கேளுங்கள்.

வேண்டாத இடங்கள்

விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்க முடியாது, சோதனையில் எடுத்துவிடுவார்கள். தனியாக ஏற்றும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கோர்ட், பரிட்சை ஹால் போன்ற இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கிளம்புமுன் பையைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

"பொண்ணுங்க தற்காப்புக்கு வெச்சுக்கலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதற்றத்தில் திறப்பதற்குள் எதிராளி பிடுங்கி நம் மேலேயே திருப்பிவிடலாம். ஆபத்து என்றால் சத்தம் போடுங்கள், ஆள் இருக்கும் இடத்துக்கு ஓடுங்கள், 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ போன் செய்யுங்கள். கத்தி, பழத்துக்கும் பார்சலுக்கும் இருக்கட்டும்.

தங்கை மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். விரலில் ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. போன கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, "பெரியம்மா, கொய்யா நான் நறுக்கட்டுமா?" என்று கத்தியைக் கேட்டாள். எனக்குக் கை எழவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"குடுக்கா. நீயே பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் குடு" என்றாள்.

தட்டை எடுத்து வைத்தேன். நறுக்கி முடித்ததும், நான் சொல்லாமலே துடைத்து மடக்கினாள். 'டிக்' சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.