மரவள்ளியைக் காக்க வந்த குளவி

சேலம், நாமக்கல் பகுதியின் மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்குக் காடுகளில் மாவுப்பூச்சி ஏறினால் நுனிக்கொழுந்து முடிக்கொத்துபோல் சுருண்டுவிடும். செடி குட்டையாகிக் கிழங்கு சிறுக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளுக்கு வரும் ஜவ்வரிசிக்கு அந்தக் கிழங்குதான் மூலம்.

தென் அமெரிக்காவிலிருந்து பரவிய இப்பூச்சி இந்தியாவில் 2020-இல் கேரளத்தில் தென்பட்டது. மேலே மெழுகுமாவு மூடியிருப்பதால் மருந்து எளிதில் ஒட்டாது. ஆப்பிரிக்காவில் 1981 முதல் இதை அடக்கிய 'அனகைரஸ் லோபசி' குளவியைப் பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்ட ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது விடப்பட்டது.

எள்ளளவே உள்ள இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பிப் பழுப்புக் கூடாக இறுகும். கூட்டில் வட்டமாக ஓட்டையிட்டுப் புதுக்குளவி வெளிவரும். மனிதரை அது கொட்டாது. குளவி விட்ட காட்டில் பூச்சிமருந்து தெளிப்பதுதான் பெருந்தவறு. முதலில் சாவது குளவியே.