மண் கொட்டினாலும் கழி கழிதான்

எண்ணூர்க் கழியோரம் நின்றால் ஒரு பக்கம் அலையாத்தி, மறுபக்கம் சாம்பல் மேடு. மேட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். “இது தரிசு, இங்கே ஏது கழி?” என்று கேட்பவருக்கு அந்த முள்ளே சாட்சி. கலைத்தவர்களே கலைந்த நிலத்தைக் காட்டி வாதாடுகிற வசதி இது.

சென்னைக் கடலில் ஓதம் சுமார் ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும். அதனால் கழியைத் தரையாக்க மலையளவு மண் வேண்டாம். இரண்டு மூன்றடி கொட்டினால் அமாவாசை வெள்ளம்கூட ஏறாது. பிறகு உமரி காயும், நண்டு வளை தூர்ந்துபோகும்.

அடியில் கிடக்கும் சேறு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. அடுத்தவர் வேலிக்குள் போய்த் தோண்ட வேண்டாம். தண்ணீர் அரித்த மேட்டோரச் சரிவே போதும். மேலே சாம்பல் அல்லது கிராவல், அதன் கீழே கறுத்த களி. ஒரு பிடி எடுத்துப் பிட்டால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். பழைய வேர் ஓடிய தடத்தில் துருநிறக் கோடு இருக்கும், நடுவே சிப்பி. காற்றுப் புகாமல் நெடுநாள் நீரில் ஊறிய மண்ணின் அடையாளம் இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது அலையாத்தி மரங்களில் கறுப்புக் கறை படிந்தது. தண்ணீர் எதுவரை வந்தது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அது வெள்ளக் கோடு. சட்டம் கேட்கிற ஓதக் கோடு வேறு. இரண்டையும் குழப்பினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987-இல் வெளியிட்ட ஈரநிலக் கையேட்டில், நிலைகுலைந்த இடங்களுக்கென்றே தனிப்பகுதி உண்டு. செடியை அழித்துவிட்டால் பக்கத்தில் கலையாத இடத்தைப் பார், பழைய வான்படத்தைப் பார் என்கிறது அது. நம் ஊருக்கும் இதே வழிதான்.

நம் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2017 ஈரநில விதிகள் உப்பளங்களையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும் இடங்களையும் சேர்க்கவில்லை. ஆகவே எண்ணூருக்கு ஈரநில விதிகளை மட்டும் நம்பி மனு போட்டால் திரும்பி வரலாம். கடலோர மண்டல அறிவிக்கையைத்தான் பிடிக்க வேண்டும். அலையாத்தி, சேற்றுப்படுகை, உவர்ச் சதுப்பு மூன்றும் அதில் உச்சப் பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. உள்நாட்டுப் பக்கம் எதுவரை ஓதத்தின் எல்லை? ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம்வரை. மழை முடிந்து கொசஸ்தலையாறு நன்னீர் சுமந்து வரும் நாளில் அளந்தால் கழி சுருங்கித்தான் தெரியும். அளவெடுத்த மாதம் எது என்று கேளுங்கள். நிரப்புவதற்கான தடையிலிருந்து துறைமுகம் போன்ற சிலவற்றுக்கு அனுமதியோடு விலக்கு உண்டு. அந்த அனுமதியின் நகலையும் கேளுங்கள்.

வரைபடமும் தப்பவில்லை. 1996-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழி இருந்தது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே கிடைத்த இன்னொரு படத்தில், சுமார் 6,500 ஏக்கர் கழியைக் காணோம் என்று சூழல் ஆர்வலர்கள் அம்பலப்படுத்தினார்கள். லாரி இல்லாமலே நடந்த நிரப்பல்!

எனவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் மனு போட்டு, ஒப்புதல் பெற்ற வரைபடத்தை உங்கள் புல எண்ணோடு கேட்டு வாங்குங்கள். பதில் தர முப்பது நாள் கெடு. தாலுகா அலுவலகத்தில் ‘ஏ’ பதிவேட்டைப் பாருங்கள். இன்று மனையாக விற்கும் இடம் அதில் கழியாகவோ புறம்போக்காகவோ இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக அச்செடுங்கள். எங்கே மீன்பிடிப் பாடு இருந்தது, எந்த வாய்க்காலில் பறி போட்டு இறால் எடுத்தார்கள் என்று வயதான மீனவர்களிடம் கேட்டு, எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.

புகாரை மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் அனுப்பலாம். அசையவில்லை என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. நிரப்புவதைத் தடுக்கக் கோரும் வழக்குக்கு ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். இழப்பீடும் சூழல் மீட்பும் கேட்க ஐந்தாண்டு. அந்த ஆறு மாதம் நிரப்பல் முதலில் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அதுவும் கழிந்துவிடும். முதல் லாரி வந்த நாளிலேயே, தேதி தெரிய, பின்னால் அலையாத்தியும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.