இரைமீன் தொட்டியில் ஏன் சாகிறது?

விடியற்காலை நாலு மணிக்குத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, முந்தின நாள் பிடித்து வைத்த கெண்டைப்பொடி அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தால் அன்றைய பொழுது போச்சு. செத்த மீனைக் கெளுத்தி எடுக்கும். விராலுக்கு முள்ளில் துடிக்கிற இரைதான் வேண்டும்.

பசியால் அவை சாவதில்லை. விரல் நீளக் கெண்டை நாலைந்து நாள் பட்டினியைத் தாங்கும். அதைக் கொல்வது இரண்டு: தண்ணீரில் கரைந்த பிராணவாயு தீர்ந்துபோவது, அது விடும் கழிவு தண்ணீரிலேயே தங்குவது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடும். அதனால் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்த பக்கெட் மீனுக்குச் சவக்குழிதான். தொட்டியை நிழலில், தரையோடு வையுங்கள். தண்ணீர் சூடானால், உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடி திறக்காமல் மிதக்கவிடலாம். ஒரேயடியாகக் குளிரவைத்தாலும் ஆபத்துதான்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் செவுளை அரித்துவிடும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் அழகுமீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டாலே கொடுப்பார்கள். போர்த் தண்ணீரில் காற்று குறைவு, அதையும் சில மணி நேரம் ஏர் பம்ப் போட்டு வைக்க வேண்டும். மீன் பிடித்த குளத்துத் தண்ணீரையே இரண்டு கேன் கொண்டுவருவதுதான் என் வழக்கம்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கைவசம் இருந்தால் நல்லது.

அடுத்தது கழிவு. மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அழகுமீன் தொட்டியில் அதை மாற்றித் தரும் பாக்டீரியா குடியேறியிருக்கும். அதற்கு நாலைந்து வாரமாவது ஆகும். நேற்று வைத்த டப்பில் அது ஏது? எனவே தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். வீட்டில் அழகுமீன் தொட்டி இருந்தால், அதில் ஓடிப் பழகிய ஸ்பான்ஜ் ஃபில்டரை இங்கே மாற்றிப் போடுவது பாதி வேலையை முடித்துவிடும். மினிக்காய்த் தீவில் கழித் தூண்டிலில் சூரை பிடிக்கிறவர்கள் இந்தக் கழிவுச் சிக்கலைப் படகிலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள்: இரைமீன் அறையின் அடியில் துளைகள், கடல்நீர் ஓயாமல் வந்து போகும்.

தீனி போடாதீர்கள். பாவம் பசிக்குமே என்று நான் ஒருமுறை கைப்பிடி பொரியைத் தூவினேன். காலையில் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல் இருந்தது, நாற்பது மீனில் உயிரோடு இருந்தது ஆறு. ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதானால் மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போடலாம்.

எத்தனை மீன் வைக்கலாம்? ஐம்பது லிட்டர் டப்புக்கு இரண்டங்குல மீன் முப்பதுக்கு மேல் நான் வைப்பதில்லை. உருண்டை டப் நல்லது. சதுரத் தொட்டியில் மூலையில் போய்க் குவிந்து மூக்கை இடித்துக்கொள்ளும். மேலே வலை கட்டுங்கள், கெண்டை துள்ளும்.

மீனின் மேல் இருக்கும் கொழகொழப்புதான் அதன் கவசம். காய்ந்த கையால் பிடித்தால் அது வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு பூஞ்சை பிடிக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். லிட்டருக்கு இரண்டு கிராம் கல்லுப்பு கரைத்தால் அலைச்சலில் வந்த மீன் சீக்கிரம் தேறும். செதில் உதிர்ந்ததை முதல் நாளே தனியே எடுத்துவிடுங்கள். எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்று போதவில்லை என்று அர்த்தம்; உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

மிச்சமான மீனை வேறொரு ஏரியில் கொட்டிவிட்டு வராதீர்கள். கெண்டைக் குஞ்சோடு சில ஜிலேபிக் குஞ்சுகள் கலந்திருந்தாலும் அந்த ஏரி முழுக்கப் பெருகிவிடும். கோழிக்குப் போடுங்கள்.