சும்மா ஒரு சைக்கிள் ஓட்டம்

“என்ன பாதர், விடியவெள்ளண எங்கை வெளிக்கிட்டியள்?” மல்லாகத்துக்கு அருகே வேலியோரம் நின்ற பெரியவர் ஒருவர் எம்மை மறித்துக் கேட்டார்.

“சும்மா ஒரு ஓட்டம் அப்பு” என்றோம்.

“சும்மாவோ? சைக்கிளை ஆரும் சும்மா ஓடுவினமோ?” என்று அவர் சிரித்தார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எமது மண்ணில் துவிச்சக்கரவண்டி உழைப்பாளியின் கருவி. தோட்டத்துக்கு மண்வெட்டியும், சந்தைக்கு வெங்காயமும், பாடசாலைக்குப் பிள்ளையும் அதிலேதான் போயின. ஆயினும் சென்ற ஆண்டுச் சோளகக் காலத்தில், வைகாசி தொடக்கம் ஆவணி வரை, சனிக்கிழமைக் காலைகளில் ஓர் அலுவலும் இல்லாமல் குடாநாட்டு வீதிகளிலும் ஒழுங்கைகளிலும் நாம் சைக்கிளில் திரிந்தோம். எம்மோடு வந்தவர்கள், இடம்பெயர்ந்த பெற்றோருக்கு நலன்புரி நிலையங்களில் பிறந்து வளர்ந்த இளைஞர்களும் யுவதிகளுமாக எட்டுப்பேர். அந்த அனுபவத்தில் எமது விவசாயக் குடும்பங்கள் எல்லோருக்கும் பயன்படும் ஒன்று இருந்தபடியாலேயே இதனை எழுதுகின்றோம்.

சுமை சுமந்த வண்டி

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர் எரிபொருள் தடைப்பட்டது; மின்சாரமும் நின்றது. அந்த நாட்களில் குடாநாட்டைத் தாங்கியது சைக்கிள்தான். நோயாளியை ஏற்றினோம், விறகு ஏற்றினோம். இரவில் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். தெற்கே போகவேண்டியவர்கள் கிளாலிக் கரை வரை சைக்கிளில் போய், வள்ளத்தில் நீரேரியைக் கடந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதியை எவரும் மறந்திருக்க முடியாது. மழையில் வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை ஓட இடமிருக்கவில்லை. பாரில் பாயும் கரியரில் அரிசிப் பையும் கட்டி, உருட்டித்தான் சென்றோம். பின்னர் 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோதும் மூலையில் கிடந்த சைக்கிள்கள் துடைத்து எடுக்கப்பட்டன. ஆக, எமது தலைமுறைக்குச் சைக்கிள் என்றால் நெருக்கடியின் நினைவு. மகிழ்ச்சிக்காக அதில் ஏறலாம் என்ற எண்ணமே எமக்கு அந்நியமாகிவிட்டது.

சோளகத்தோடு ஒரு பழக்கம்

சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது. காலையில் மல்லாகத்திலிருந்து தெல்லிப்பழை, மாவிட்டபுரம் வழியாகக் கீரிமலைக்குப் போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும். பத்து மணிக்குப் பின்னர் திரும்பினால், கொடுத்த உதவியை வட்டியோடு வாங்கிக்கொள்ளும். வல்லை வெளியில் மரமுமில்லை, மதிலுமில்லை. ஒருநாள் அங்கே எதிர்க்காற்றில் இறங்கி உருட்டவேண்டியதாயிற்று. முன்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்த ஒருவர் எம்மைப் பார்த்து, “குனிஞ்சு மிதியுங்கோ” என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். அன்று தொடக்கம் நாமும் குனிந்தே மிதித்தோம்.

பெரிய சம்பவங்கள் எவையும் நிகழவில்லை. ரியூப் வெடித்தது, சந்திக் கடையில் ஒட்டுப் போட்டோம். செயின் கழன்றது, கை கறுத்தது. ஒரு வீட்டுப் படலையில் தண்ணீர் கேட்டோம்; கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டித் தந்தார்கள். ஆடிப்பிறப்பன்று இன்னொரு வீட்டில் கூழ் குடித்தோம். ஆவணியில் பனங்காய் விழத் தொடங்க, வழி முழுவதும் அந்த வாசம்.

நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றடியில் இளைப்பாறினோம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக உள்ள கிணறு அது. எமது சுண்ணக்கல் நிலத்தின் கீழ் மழைநீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது என்பதையும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும் என்பதையும் வகுப்பறையில் சொல்லி விளங்காத பிள்ளைகள் அங்கே கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பஸ்ஸில் போனால் நிலாவரை ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. சைக்கிளில் போகிறவனுக்கு மண் செம்பாட்டிலிருந்து மணலாக மாறுவது தெரியும். கிணற்றுக் காற்றின் குளிர் தெரியும். எந்தத் தோட்டத்தில் புகையிலை, எந்தத் தோட்டத்தில் பற்றை என்பது தெரியும்.

1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். முதலில் ஊர் சிரித்தது. தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் அது உதவியது உண்மையே. ஆனால் எவரையும் எதிர்பாராமல் தாம் நினைத்த இடத்துக்குப் போகலாம் என்ற துணிவே அவர்கள் பெற்ற பெரிய பேறு. எம்மோடு வந்த பிள்ளைகளிலும் அதனையே கண்டோம். நிவாரணத்துக்கும் பதிவுக்கும் வரிசையில் நின்று பழகிய பிள்ளைகள், தாமே வழியைத் தெரிந்து ஓடினார்கள்.

கிணறு சொன்ன சாட்சி

ஆடி மாதத்தில் ஒருநாள் அந்த மல்லாகத்துப் பெரியவர் மீண்டும் மறித்தார். “இந்தமுறை எந்தப் பக்கம்?” என்றார். வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அது என்ரை ஊர். என்னையும் ஏத்துவியளோ?” என்றார்.

1990இல் தமது பழைய றலிச் சைக்கிளில் வெளிக்கிட்டவர், அடுத்த சனிக்கிழமை பேரனின் கரியரில் இருந்து திரும்பிப் போனார். வேலி இல்லை, வீடு இல்லை, ஒழுங்கையும் இல்லை. மகனும் பேரனும் முன்னரே இரண்டு தடவை வந்து, தமது காணி எதுவென்று அறியாமல் திரும்பியிருந்தார்கள். பெரியவரோ கட்டு இடிந்த ஒரு கிணற்றைக் கண்டவுடன், “உதுதான் பங்குக் கிணறு” என்றார். துலாக்கால் நின்ற இடத்தைத் தடியால் கிண்டிக் காட்டினார். அதிலிருந்து அடி எண்ணி நடந்து வடக்கெல்லை, கிழக்கெல்லை என்று சொன்னார். கிணற்றில் எவருக்கு எத்தனை பங்கு, வாய்க்கால் எவருடைய காணியூடாகப் போனது, வண்டில் வழி எதுவென்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பேரன் எழுதினான். எம்மோடு வந்த யுவதி ஒருத்தி வரைபடம் கீறினாள்.

உறுதியில் பரப்புக் கணக்கு இருக்கும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதும் சரியே. ஆனால் நான்கு எல்லைக்கும் அயலவரின் பெயரையே உறுதி கூறும். அந்த அயலவர் கனடாவில் இருந்தால், அல்லது இறந்துபோயிருந்தால், எல்லையை எவர் காட்டுவது?

கடந்த தை மாதம் அந்தப் பெரியவர் காலமானார். கொப்பி இருக்கின்றது. அதனைக் கொண்டே இரு அயற் குடும்பங்கள் பிணக்கின்றிக் கதியால் நட்டிருக்கின்றன.

நாம் செய்யக்கூடியவை

காங்கேசன்துறைக்குப் புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் வந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. படையினர் வசம் இன்னமும் காணிகள் இருக்கின்றன, அவற்றுக்காகக் கேட்டுக்கொண்டேயிருப்போம். ஆனால் திறந்த வழியிலும் எமது பிள்ளைகள் போகாமலிருந்தால், கேட்ட காணி கிடைக்கும் நாளில் அதனை அடையாளம் காண எவரும் இருக்கமாட்டார்கள்.

ஆகவே எமது குடும்பங்களிடம் சில வேண்டுகோள்கள்.

மாதத்தில் ஒரு காலையாவது பிள்ளைகளோடு ஊர்ப்பக்கம் சைக்கிளில் போங்கள். இயலுமானால் மூத்தவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். கரியரில் இருக்க முடியாதவரை ஓட்டோவில் ஏற்றுங்கள்.

ஒரு கொப்பியில் காணியின் பெயர், எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் ஆகியவற்றை மூத்தவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். திகதியிட்டு, கூட இருந்தோரிடம் கையொப்பம் வாங்குங்கள். உறுதியின் பிரதியோடு சேர்த்து வையுங்கள்.

பழகிய பாதையை விட்டு விலகாதீர்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் அறியாத பற்றைக்குள்ளும் சைக்கிளை இறக்கவேண்டாம். இனந்தெரியாத பொருள் எதையும் தொடவேண்டாம், உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பயணத்தையும் கண்ணீர்ப் பயணமாக்காதீர்கள். வழியில் இறங்கி நுங்கு குடியுங்கள், கீரிமலையில் குளியுங்கள், பிள்ளைகள் போட்டிக்கு ஓடட்டும். ஊர் என்றால் அழுகை என்றே கேட்டு வளரும் பிள்ளை, ஊருக்குப் போக விரும்புமா?

சோளகம் மீண்டும் வரும். ரயருக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள். வேலியோரம் யாராவது “எங்கை வெளிக்கிட்டியள்?” என்று கேட்டால், “சும்மா ஊர்ப்பக்கம்” என்று சொல்லிவிட்டு, அவரையும் கூப்பிடுங்கள்.